அரை மணி முந்திய பாங்கு

கண்டியில் அந்தக் காலத்தில் கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் பாவித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணத் தொடங்கினால் முதல் விரல் நான்தான் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் முதல் விரல் எங்கள் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரித்த யாழ்ப்பாணத்து நண்பன். அவன்தான் எனக்கு இறுவட்டைத் தந்து பழக்கினான். ஆனால் அவன் வாயைத் திறக்க மாட்டான், நான் மூட மாட்டேன். ஆகவே பெயர் எனக்கு வந்து சேர்ந்தது.

முதன்முதலாக வீட்டுக் கணினியில் லினக்ஸ் ஏற்றிய அன்றே ராத்தாவின், அதுதான் அக்காவின், கலியாண வீடியோவை அழித்துவிட்டேன். வன்வட்டைப் பிரிக்கவா, முழுவதையும் எடுத்துக்கொள்ளவா என்று அது மரியாதையாகத்தான் கேட்டது. நான்தான் பெருந்தன்மையாக முழுவதையும் எடுத்துக்கொள் என்றேன். ராத்தா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மச்சான் மட்டும் தனியாக வந்து, "நல்ல வேல செஞ்சீங்க, அதுல நான் ஆக மெலிஞ்சி ஈந்த" என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அதன் பிறகு அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. அதைச் சரிப்படுத்தியபோது இணைய மோடம் படுத்துவிட்டது. மோடத்தை எழுப்பியபோது திரை குறுகிப் போனது. ஒவ்வொன்றையும் கெடுத்து ஒவ்வொன்றையும் திருத்தினேன். கெடுக்கத் தெரிந்தவனுக்குத்தான் திருத்தத் தெரியும் என்பது என் கொள்கை. இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது சொல்லப் போவது வாப்பாவின் ஒரு நோன்பைப் பற்றி.

வாப்பா வத்தேகமையில் புடவைக் கடை வைத்திருந்து ஓய்ந்தவர். சீனி வருத்தம் பல வருடம் இருந்து கடைசியில் சிறுநீரகத்தையும் பிடித்துவிட்டது. அந்த வருடம் ரமழானுக்கு முன்னர் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார், இனி நோன்பு வேண்டாம் என்று. வாப்பா துணி வியாபாரி அல்லவா, பேரம் பேசினார். இந்த ஒரு வருடம் மட்டும் முழுதாகப் பிடிக்கிறேன், அதன் பிறகு நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன் என்றார். டாக்டர் அரை மனதோடு சம்மதித்து ஒரு நிபந்தனை போட்டார். பசி கூடினால் இரத்தத்தில் சீனி இறங்கும், ஆகவே நோன்பு திறக்கிற நேரம் வந்ததும் ஒரு நிமிடம்கூடப் பிந்தக் கூடாது.

வாப்பாவுக்கு ஏழெட்டு வயதில் தொடங்கிய பழக்கம் அது. முப்பதையும் பிடித்து முடிக்க வேண்டும், அதில் ஒன்றும் குறையக் கூடாது. அவருக்கு அந்த மாதத்தில் வேறு ஆசை கிடையாது. ஒவ்வொரு நாள் மாலையும் ஈத்தம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். கடைசிப் பத்து நிமிடத்தில் விரல்கள் நடுங்கும். அதை உம்மா பார்க்காத மாதிரி இருப்பார். என்னால் அப்படி இருக்க முடியவில்லை.

எங்கள் வீடு வத்தேகம வீதியில் ஒரு சரிவில் இருந்தது. பள்ளிவாசல் அடுத்த பள்ளத்தில். மழை நாளில் தகரக் கூரைச் சத்தத்தில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்காது. ரேடியோவில் சொல்வது கொழும்பு நேரம். கண்டியில் சூரியன் அதற்கு இரண்டு மூன்று நிமிடம் முந்தி மறையும். அட்டவணையைப் பார்த்துக் கழித்துக்கொள்ளலாம்தான், எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். எனக்கு அது போதவில்லை. எங்கள் சரிவு பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கொடுத்தால், அந்த இடத்துக்கு மஃரிபு, அதாவது சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை நேரம், எப்போது என்று கணக்குப் போட்டுப் பாங்கு சொல்லும் மென்பொருள் லினக்ஸில் இருந்தது. அதை இறக்கினேன். வாப்பாவுக்கு மூன்று நிமிடம் மிச்சப்படுத்திக் கொடுக்கிறேன் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

அந்த வருடம் நேரமே ஒரு குழப்பம். பத்து வருடத்துக்கு முன் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று அரசாங்கம் முன்னுக்குத் தள்ளி வைத்த அரை மணியை, அந்த வருடச் சித்திரையில் மறுபடி பின்னுக்கு எடுத்தது. வடக்கில் புலிகள் இயக்கத்தின் பகுதியில் முதலில் இருந்தே மாற்றவில்லை என்று சொல்வார்கள். "எங்கட ஆக்கள் பத்து வருசம் பொறுமையா இருந்தினம், நீங்கள் திரும்பி வந்திட்டியள்" என்று நண்பன் ஒரு நாள் மெதுவாகச் சொல்லிச் சிரித்தான். மாதங்கள் போன பிறகும் வீடுகளில் மணிக்கூடுகள் இரண்டு கட்சியாகத்தான் நின்றன. கலியாண அழைப்புக் கொடுத்தால்கூட "புது நேரமா, பழைய நேரமா" என்று கேட்பார்கள். எது முன், எது பின் என்று தெளிவாகச் சொல்லக் கூடியவர்கள் குறைவு.

பாங்கு மென்பொருளில் நேர வித்தியாசத்தை நாமே கையால் கொடுக்க வேண்டும். நான் புதிய நேரத்தைக் கொடுத்தேன். கணினியின் சொந்தக் கடிகாரத்தையும் இணையத்தில் எடுத்த ஒரு திருத்தத்தால் புதிய நேரத்துக்கு மாற்றியிருந்தேன். இரண்டும் ஒத்துப் போயின. முதல் இருபது நோன்பும் குறையில்லாமல் நடந்தன. ஒரே ஒரு குறை, சத்தம் வரவில்லை. நேரம் வந்ததும் திரையில் ஒரு பெட்டி மட்டும் எழும்பும், நான் ஓடிப் போய் வாப்பாவிடம் சொல்வேன். லினக்ஸில் அந்தக் காலத்தில் சத்தம் வரவழைப்பது பெண் கேட்டுப் போவதைவிடக் கஷ்டம்.

இருபத்தொன்றாவது நோன்புக்கு வாப்பா தன் பழைய கடைத்தெருச் சிநேகிதர்களை நோன்பு திறக்கும் இப்தாருக்கு அழைத்திருந்தார். பத்துப் பேர். அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற மௌலவி. நண்பனையும் நான் அழைத்திருந்தேன். வடக்குக்குப் பாதை பூட்டி அவன் வீட்டுக்குப் போக முடியாமல் கண்டியில் ஓர் அறையில் தனியாகக் கிடந்தான். கஞ்சி குடிக்கவாவது வரட்டும் என்று நினைத்தேன்.

பத்துப் பேருக்கு முன்னால் கணினி வாய் திறந்து பாங்கு சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அன்று பகல் நண்பனைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இண்டைக்குத் தொடாத," என்றான். "விருந்து முடியட்டும். நாளைக்கு நான் பாத்துத் தாறன்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். நான் இணையத்தில் யாரோ ஒருவர் எழுதிய வழியைப் பின்பற்றி, சத்தத்துக்குத் தடையாக இருப்பதாக அவர் சொன்ன ஒரு மென்பொருளைக் கழற்றினேன். அது தன்னோடு இன்னும் நாற்பது ஐம்பதைக் கூட்டிக்கொண்டு போனது. மறுபடி இயக்கியபோது கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

நான் பதறவில்லை. அதுதான் என் குணம். என் சொந்தக் கோப்புகளை வட்டின் தனிப் பகுதியில் வைத்திருந்தேன், ராத்தாவின் வீடியோ கற்றுத் தந்த பாடம். ஆகவே மற்றப் பகுதியில் லினக்ஸைப் புதிதாக ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் பழையபடி வந்துவிடும். புதிய இறுவட்டு வேண்டும் என்று வெளிநாட்டுக்கு எழுதியிருந்தேன், இலவசமாகவே அனுப்புவார்கள். ஆனால் யுத்தம் மறுபடி தொடங்கியதிலிருந்து வெளிநாட்டுப் பொதிகளைத் தபால் கந்தோரில் பிரித்துப் பார்க்காமல் கொடுப்பதில்லை. என் பொதி எந்த மேசையில் கிடந்ததோ தெரியாது. கையில் இருந்தது பழைய இறுவட்டு, சித்திரைக்கு முந்தியது. அதைப் போட்டேன்.

என்ன அதிசயம், அந்தப் பழைய இறுவட்டில் சத்தம் வேலை செய்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "மாஷா அல்லாஹ், நல்லா ஓதுது" என்றார் உம்மா, கையில் கட்லட் மாவோடு.

பின்னேரம் மழை பிடித்தது. கண்டியில் அந்த மாதத்து மழை சொல்லிக்கொண்டு வராது. நாலரைக்கே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. பத்துப் பேரும் நனைந்தும் நனையாமலும் வந்து சேர்ந்தார்கள். நண்பனை மட்டும் காணவில்லை. முன்கூடத்தில் பாய் விரித்து, சுற்றிவர அமர்ந்து, நடுவில் கஞ்சிக் கோப்பைகளும் சம்சாவும் ஈத்தம்பழமும் வைத்தோம். கணினியை மேசையோடு கொண்டு வந்து கூடத்தின் மூலையில் நிறுத்தியிருந்தேன். மூன்று நிமிடக் கதையை எல்லோருக்கும் விளங்கப்படுத்தினேன். கொழும்பில் இருப்பவனுக்கு ஒரு சூரியன், எங்களுக்கு ஒரு சூரியன் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கணினியின் கடிகாரத்தில் ஆறு மணிக்கு இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது பாங்கு ஒலித்தது. அழகான குரல், மழைச் சத்தத்தையும் மீறிக் கூடம் நிறைந்தது. பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் நான் அவ்வளவு உயரமாக இருந்ததில்லை.

வாப்பா மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மகன், இன்னும் நேரம் ஈக்கிற மாதிரி?"

"அது பழைய நேரம் வாப்பா. நீங்க தொறங்க."

பட்டென்று சொன்னேன். யோசிக்கவே இல்லை. அந்த வருடம் அரை மணி வித்தியாசம் என்றால் எல்லோருக்கும் வாயில் வருகிற விடை அது. பழைய நேரம் என்றால் அவர் மணிக்கூடு முந்தி அல்லவா நிற்க வேண்டும், பிந்தி நிற்கிறதே என்று எனக்கும் தோன்றவில்லை, அங்கிருந்த எவருக்கும் தோன்றவில்லை.

வாப்பா என்னை ஒரு முறை பார்த்தார். "அப்ப சரி" என்றார். பிஸ்மி சொல்லி ஈத்தம்பழத்தை வாயில் வைத்தார். எல்லோரும் திறந்தார்கள்.

கஞ்சி பாதி இறங்கியிருக்கும். மழை, யாரோ குழாயைப் பூட்டியது போல் நின்றது. கதவுக்கு நேரே இருந்த மௌலவி சம்சாவைக் கடித்தபடி வெளியே பார்த்தார், கடித்த வாய் அப்படியே நின்றது. நாங்களும் திரும்பினோம். கிழக்கே மலையின் மேல் பாதி முழுவதும் மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தேயிலை வரிசைகளைத் தனித்தனியாக எண்ணலாம் போல அவ்வளவு வெளிச்சம்.

மௌலவிதான் முதலில், வாயில் இருந்ததைக் கையில் துப்பிவிட்டுச் சொன்னார்.

"எல்லாரும் துப்புங்க. இனி மஃரிபு வரைக்கும் ஒண்டும் தொடப்படா. இண்டைய நோம்பு போச்சு. பொறகு ஒரு நாள் கழாப் பிடிக்கோணும்."

தவறிய நோன்பை வேறொரு நாளில் திருப்பிப் பிடிப்பதைத்தான் கழா என்போம். பத்து விருந்தாளிகளும் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, பாதி குடித்த கஞ்சிக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்தார்கள். அந்தக் காட்சியைக் கண்ட எவருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. வாப்பா கொட்டையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். இருபது முடிந்திருந்தது. இருபத்தொன்றாவது போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து நண்பன் வாசலில் வந்து நின்றான், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட. கட்டுகஸ்தோட்டைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு இவனை மட்டும் ஓரமாக ஒரு மணி நேரம் மழையில் நிற்க வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் அவன் முதலில் சொல்லவில்லை. சாப்பாட்டின் முன்னால் அசையாமல் இருந்த பதினொரு பேரைப் பார்த்தான், மூலையில் இருந்த கணினியைப் பார்த்தான்.

"உதென்ன, பழைய நேரத்தில நிக்குது?" என்றான்.

மூன்றே வாக்கியத்தில் விளக்கினான். இறுவட்டு சித்திரைக்கு முந்தியது, நாடு நேரத்தை மாற்றியது அதற்குத் தெரியாது, ஆகவே கடிகாரம் அரை மணி முந்தி ஓடுகிறது. என் சொந்தக் கோப்பில் பத்திரமாக இருந்த பாங்குக் கணக்கோ புதிய நேரத்தில் சரியாக நின்றிருக்கிறது. சரியான கணக்கு பிழையான மணிக்கூட்டைப் பார்த்துப் பாங்கு சொல்லியிருக்கிறது. மூன்று நிமிட லாபம் பார்க்கப் போய் முப்பது நிமிடத்தைத் தொலைத்திருந்தேன்.

"ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தா கண்டிருப்பன்," என்றான். அவன் அதற்காக வருந்தினான், தன்னை மழையில் நிற்க வைத்ததற்காக அல்ல. எனக்கு அன்று ஆத்திரம் தலைக்கேறியது. சோதனைச் சாவடி மேல், தபால் கந்தோர் மேல், நேரத்தை இழுத்து இழுத்து விளையாடிய அரசாங்கத்தின் மேல். எல்லோரையும் திட்டி முடித்த பிறகு மிச்சம் இருந்தது நான் மட்டும்தான்.

உண்மையான பாங்கு பள்ளத்திலிருந்து வந்தது. ஆறிய கஞ்சியை எல்லோரும் குடித்தார்கள். பெரியவர்கள் நல்லவர்கள், போகும்போது என் முதுகைத் தட்டி, "லண்டன் நேரத்துக்குத் தொறக்க வெக்காம விட்டீங்களே" என்றார்கள். அதன் பிறகு பல வருடம் வத்தேகமப் பக்கம் யாராவது அவசரப்பட்டால் "கம்பியூட்டர் பாங்கு" என்று சொல்லும் வழக்கம் இருந்தது. அதையெல்லாம் தாங்கிக்கொள்ளும் தோல் எனக்கு உண்டு. மற்ற ஒன்பது நோன்பையும் வாப்பா பிடித்து முடித்தபோது "இருபத்தொம்பது" என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

பெருநாளுக்குப் பிறகு டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி ஒரு நாளும் வேண்டாம் என்றார். மௌலவியிடம் போய்க் கேட்டேன். "நோயாளிக்கு மார்க்கம் லேசாக்கி ஈக்கி. ஒரு ஏழைக்கி ஒரு நாள் சாப்பாட்டுக்கு அரிசி குடுங்க, போதும்" என்றார். மனப்பாரம் இறங்கி வீட்டுக்கு வந்து அரிசியை அளக்கவே தொடங்கிவிட்டேன்.

"அரிசி தேவல்ல," என்றார் வாப்பா. "அத நான் புடிப்பேன்."

உம்மா அழுதார். ராத்தா வந்து சண்டை பிடித்தார். நான் காரணம் மேல் காரணம் அடுக்கினேன், பிழை என்னுடையது, மெசினுடையது, உங்களுக்கு ஒரு பாவமும் இல்லை என்றேன். கடையில் ஒரு விலையைச் சொன்னால் பிறகு இறங்காத மனிதர் அவர். ஒரு திங்கட்கிழமை பிடித்தார். நானும் என்னுடையதைச் சேர்த்துப் பிடித்தேன். பகல் முழுவதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், உதடு காய்கிறதா, வியர்க்கிறதா என்று. சீனி இறங்கினால் வாயில் போடக் கற்கண்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

பின்னேரம் ரேடியோவைக் கொண்டு வந்தேன், பக்கத்து வீட்டு மணிக்கூட்டையும் இரவல் வாங்கி வந்தேன். வாப்பா இரண்டையும் பார்த்தார்.

"இதெல்லாம் என்னத்துக்கு? கம்பியூட்டரப் போடுங்க."

நண்பன் வந்து நேரத்தைத் திருத்திக் கொடுத்திருந்தான். இருந்தும் நான் லினக்ஸை நம்பாத ஒரே மாலை அது. வாப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, கதிரையில் சாய்ந்துகொண்டார். விரல்கள் வழக்கத்தைவிட அதிகமாக நடுங்கின. கணினி பாங்கு சொன்னது. அவர் எதையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, ஈத்தம்பழத்தை வாயில் வைத்துவிட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்துப் பதினைந்து விநாடி இருக்கும், பள்ளத்திலிருந்து பள்ளிவாசல் பாங்கு எழுந்தது.

கஞ்சி குடித்து முகத்தில் கொஞ்சம் இரத்தம் வந்த பிறகு வாப்பா சொன்னார்.

"அன்டைக்கி என்ட மணிக்கூடு சரி மகன். பகல் ரேடியோல நேரம் செல்லக்கொள்ள நான்தான் சரியாத் திருப்பி வெச்ச."

எனக்கு விளங்கவில்லை. "அப்ப தெரிஞ்சா தொறந்தீங்க?"

"தெரியும்ண்டு செல்ல ஏலா. சந்தேகம். சந்தேகம் வந்தா பொறுக்கோணும், அதுதான் சட்டம்." கோப்பையைக் கீழே வைத்தார். "பத்துப் பேருக்கு முன்னால நீங்க செல்லிட்டீங்க. வாப்பாவே மகன்ட பேச்ச நம்பாம மணிக்கூட்டப் பாத்துக்கொண்டு ஈந்தா ஒங்களுக்கு என்ன மதிப்பு? அதுக்காகத்தான் வாயில வெச்சேன். அது மெசின்ட பிழை இல்ல, என்ட பிழை. அதுக்கு அரிசி குடுக்க ஏலா."

எதற்கும் விடை வைத்திருப்பவன் நான். அன்று அழுகைதான் வந்தது, பெரிய ஆம்பிளை என்றும் பாராமல் அவர் முன்னால் நின்று அழுதேன். தொழுகைக்கு நேரமாகிறது என்று அவர் கையை நீட்டினார், பிடித்துத் தூக்கிவிட்டேன். அதன் பிறகு வாப்பா மூன்று ரமழானைக் கண்டார், டாக்டருக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. அவர் பிடித்த கடைசி நோன்பு அந்தத் திங்கட்கிழமை நோன்புதான்.